கூடுமிடத்துக்கு இருநூறு பேர்

சைரன் ஊதி ஏழு நிமிடம் ஆகிவிட்டது. கூடுமிடத்தில் நின்றது மூன்றே பேர். அதில் ஒருவர் கழிப்பறைக்கு வழி கேட்க வந்தவர்.

"ரெண்டு பேருன்னு எழுதிக்கவா சார்?" என்று கேட்டாள் குமாஸ்தா அக்பேனே.

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"நீங்களும் நானும்."

ஓவுரேடு ஹெல்மெட்டைக் கழற்றி வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். குமாசி நகரப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அதிகாரி அவர். போன மாதம் கேன்டீனில் கேஸ் சிலிண்டர் தீப்பிடித்தபோது ஆளுக்கொரு திசையில் ஓடி, இரண்டு பேர் சாக்கடையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார்கள். தீ என்றால் எல்லாரும் இந்தப் புல்வெளிக்கு வரவேண்டும் என்று பழக்கத்தான் ஒத்திகை. இது இரண்டாவது. முதலாவதும் இதே லட்சணம்தான்.

சாயங்காலம் பதிவாளர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"மூணாவது ஒத்திகைக்கு இருநூறு பேர் வரலைன்னா, உங்க அலுவலகத்தைத் தோட்டப் பிரிவோட சேர்த்துடுவேன் ஓவுரேடு."

ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. செடிக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் அவர். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறையில் உட்கார்ந்து சுற்றறிக்கை அனுப்புவார். அவர் கையெழுத்து எல்லாருக்கும் தெரியும், முகம்தான் தெரியாது.

வாசல் காவலாளி அலிடுவிடம் ஆதங்கத்தைக் கொட்டினார்.

"மொட்டை வெயில்ல யாரு சார் வந்து நிப்பா? நிழல் போடுங்க, வருவாங்க," என்றான் அலிடு.

சரி என்று சாமியானா வாடகைக்கு விடும் ஃபோசுவாவிடம் போனார்.

"விடுதி விழா நடக்குதுண்ணே. நீலம், வெள்ளை எல்லாம் போயிடுச்சு. சிவப்பு கறுப்புதான் இருக்கு. போடவா?"

சிவப்பு கறுப்பு என்றால் சாவு. யாராவது இறந்து ஒரு வாரம் ஆனதும் கூடுகிற கூட்டத்துக்குத்தான் குமாசியில் அந்த நிறத்தில் கட்டுவார்கள். அது ஓவுரேடுவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அலுத்துப் போயிருந்தார்.

"நிழல் எந்த நிறத்துல விழுந்தா என்ன, போடும்மா."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. எட்டு மணிக்கே கணக்குப் பிரிவிலிருந்து நாலு பெண்கள் கறுப்புத் துணி உடுத்தி வந்து, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஓவுரேடு ஓடினார். "அம்மா, இங்க யாரும் சாகலை!"

"அப்படித்தான் சொல்லணும்," என்று ஒருத்தி அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "குடும்பத்துக்காரங்க வந்து முறையாச் சொல்றதுக்கு முன்னாடி நாம வாயத் திறக்கக் கூடாது. நல்ல பழக்கம்."

ஒன்பது மணிக்குள் நூறு பேர். வருகிற ஒவ்வொருவரும் முறைப்படி வலது கோடியில் ஆரம்பித்து, உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டே போனார். ஆபத்தில் வெளியேற மஞ்சள் நாடா கட்டி அவர் ஒதுக்கியிருந்த பாதையை அந்த வரிசை அடைத்துக்கொண்டது.

"சார், நிழல் பத்தலை," என்றாள் அக்பேனே. "மைக்செட் ஒயர் மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாங்க. கூட்டத்துல யாராவது விழுந்து மிதிபட்டா நம்மைத்தான் கேப்பாங்க."

ஃபோசுவாவுக்குப் போன் போட்டு இன்னும் மூன்று சாமியானா வரவழைத்தார். அதுதான் வினையானது. ஒன்று என்றால் சாதாரண ஆள். நாலு என்றால்? சட்டத் துறையில் வகுப்பை விட்டுவிட்டார்கள்.

"நாலா! பெரிய மனுஷன்தான் போல," என்று பேசிக்கொண்டே மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள்.

குழப்பம் தீரட்டும் என்று 'பாதுகாப்பு அலுவலகம்' என்ற பலகையைக் கொண்டுவந்து நடுவில் தொங்கவிட்டார். வந்தவர்கள் அதைப் படித்தார்கள், 'ச்சு' கொட்டினார்கள், உட்கார்ந்தார்கள். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை.

மைக்செட்காரர் நிலைமையைப் பார்த்து ஒப்பாரிப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டார்.

"யோவ், நிறுத்துய்யா! மைக்கைக் குடு!"

"ஒரு பாட்டு முடியட்டும் சார். பாதியில நிறுத்தினா போனவங்களுக்கு மரியாதை இல்லை."

பாட்டு முடிந்தது. ஓவுரேடு தொண்டையைச் செருமிக்கொண்டார். "யாரும் பதற வேண்டாம். இது எங்க பாதுகாப்பு அலுவலகத்தோட நிகழ்ச்சி. நம்ம எல்லாரோட உயிர் சம்பந்தப்பட்டது..."

முன்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளும். அப்படியே நாலு சாமியானாவும் அழுதது.

அவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பத்து ஆச்சு சார். சைரனை ஊதவா?" என்றாள் அக்பேனே.

"ஊதி? எல்லாரும் இங்க வரணும்னுதான் ஊதறோம். ஏற்கனவே வந்துட்டாங்களே."

"அப்ப திரும்பிப் போயிட்டு வரச் சொல்லவா?"

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். சைரன் ஊதியது. குடும்பத்தார் வருகிறார்கள் என்று நினைத்து மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தலையைக் குனிந்தது. யாரும் ஓடவில்லை, தள்ளவில்லை. இத்தனை ஒழுங்கான கூட்டத்தை இருபத்தேழு வருஷ வேலையில் அவர் பார்த்ததில்லை. அக்பேனே வரிசை வரிசையாகப் போய் எண்ணினாள்.

"அறுநூத்தி நாப்பத்தி ரெண்டு சார்!"

பதிவாளர் அம்மா போனில் வந்தார். "மாடியிலேர்ந்து பார்த்துட்டேன் ஓவுரேடு. என்ன வித்தை பண்ணினீங்களோ தெரியாது. இனிமே உங்க அலுவலகத்தை யாரும் தொடமாட்டாங்க."

கால் கடுத்தது. கடைசி வரிசையில் காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய்ச் சரிந்தார். பக்கத்தில் கறுப்புத் துணியில் இருந்த விரிவுரையாளர் அம்மா ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினாள்.

"குடிங்கண்ணே. காலையிலேர்ந்து ஓடிட்டே இருக்கீங்க. மைக்கில பேசினது நீங்கதானே? அவரோட ஆபீஸா?"

"எவரோட?" தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, நிஜமாவே கேக்கறேன். செத்துப்போனது யாருன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாதுகாப்பு அதிகாரியாம். ஓவுரேடுன்னு பேரு. நான் முகம்கூடப் பார்த்ததில்லைண்ணே. ரெண்டு தடவை கூப்பிட்டாராம் பாவம், ஒருத்தரும் போகலை. இதுக்காவது வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"