பத்தாம் பக்கத்திலும் இல்லை

கம்ப்யூட்டர் சார் தன் மேஜைக் கம்ப்யூட்டரில் மறுபடியும் தேடினார். ‘கழிவுநீர்த் தொட்டி சுத்தம்’ என்று தேடினால் முதலில் வரவேண்டிய கம்பெனி வெப்சைட்டைப் பத்தாம் பக்கம் வரை காணோம்.

முதலாளி வெளியூர் கிளம்பும்போது சொன்னது காதிலேயே நின்றது. “மாசக் கடைசியில வருவேன். தேடினா முதல்ல நாம வரணும். இல்லேன்னா இந்த ஆபீஸ்ல நீ இல்ல.”

எதிர் மேஜையில் ஃபோன் அக்காவுக்கு மூச்சுவிட நேரமில்லை. “லாரி கிளம்பிடுச்சுங்க... அதுவரைக்கும் மூக்கைப் பொத்திக்குங்க!”

“மெதுவா பேசுங்கக்கா. இங்க உயிர் போகுது!”

முதலில் வந்திருந்ததெல்லாம் கேள்விப்படாத கம்பெனிகள். ஆராய்ந்து பார்த்தார். ஒவ்வொரு வெப்சைட் முகவரியின் முடிவிலும் ஒரே வெளிநாட்டின் இரண்டெழுத்து வால்.

“இப்ப இதுதான் ஃபேஷன் போல” என்று சொந்த நாட்டு வாலை வெட்டிவிட்டு, அந்த வாலை ஒட்டினார். ஒரு வாரத்தில் எட்டாம் பக்கம் வந்தது.

மதியம் அக்கா வழக்கம்போல அவர் கம்ப்யூட்டரில் சீரியல் பார்க்க, அவர் மாடிப்படியில் உட்கார்ந்து நகம் கடித்தார். முதலாளி ஃபோனில் வந்தார்.

“எல்லாம் ஒழுங்கா போகுதா?”

“பிரமாதம் சார்” என்றார்.

அந்தக் கம்பெனிகளின் வெப்சைட் குடியிருக்கும் சர்வரும் அதே நாட்டில்தான் இருந்தது. இவரும் சர்வரை அங்கேயே குடிமாற்றினார். மூன்றாம் பக்கம் வந்தது. ஆனால் ஆபீஸ் ஃபோன் வாயே திறக்கவில்லை. டிரைவர்கள் கழுவிய லாரியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“மூணாம் பக்கத்தை எவன் பார்ப்பான்? அதான் யாரும் கூப்பிடல” என்று வெப்சைட் செட்டிங்கைத் திறந்தார். ‘உங்கள் வாடிக்கையாளர்கள் எந்த நாட்டினர்?’ என்று கேட்ட இடத்திலும் அந்த நாட்டையே தட்டிவிட்டார்.

மாதக் கடைசி. தேடிப் பார்த்தார். முதல் இடம்! போன உயிர் திரும்பி வந்தது. ஃபோனும் அடித்தது.

“சார், யாரோ கடல் தாண்டிக் கூப்பிடுறாங்க. தொட்டி நிரம்பி வழியுதாம், லாரி எப்ப வரும்னு கேக்குறாங்க.”

“பார்த்தீங்களா, நம்ம பேரு எங்கெல்லாம் போயிருக்குன்னு!”

வாசலில் முதலாளியின் கார் கதவு சாத்தும் சத்தம். கம்ப்யூட்டர் சார் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அக்கா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். “கோச்சுக்காதீங்க சார். இப்ப கூப்பிட்டாங்களே, அந்த நாட்டு சீரியலைத்தான் நான் பார்க்கறேன். அதை நம்ம ஊர்ல பார்க்க முடியாதாம். அதனால உங்க கம்ப்யூட்டர் அங்க இருக்கற மாதிரி போன மாசமே மாத்தி வச்சிருந்தேன். சீரியல் நேத்தோட முடிஞ்சுது, இப்ப நம்ம நாட்டுக்கே திருப்பிடவா?”