கருகல் யார் தட்டில்?

ஒரு காட்டில், பச்சைக் கறி தின்பது நாகரிகமில்லை என்று எல்லோரும் கிரில் அடுப்புக்கு மாறியிருந்தார்கள். சிங்கராஜாவுக்கு அடுப்பு தகதகவென்று எரிய வேண்டும், புகை வாசம் ஆளைத் தூக்க வேண்டும். பந்தியில் நடுத்துண்டு ராஜாவுக்கு, ஓரத்துண்டு பிள்ளைகளுக்கு. கம்பியில் ஒட்டிக் கருகியது ராணி செங்கமலத்துக்கு. வேட்டையாடியது அவள், சுட்டதும் அவள். ஆனாலும் எதையும் வீணாக்கக் கூடாதல்லவா!

ஒருநாள் அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பதறிப்போய் ஆந்தை டாக்டரிடம் ஓடினாள்.

"கட்டியை உடனே எடுத்துப் பார்த்துடணும்மா. எதனால வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா கருகின கறியைத் தொடாதீங்க. கறி கருகும்போது உண்டாகிற ஒரு பொருள், உடம்புக்குள்ள போய் பெண் ஹார்மோன் மாதிரி வேஷம் போடுதாம். மார்பகப் புற்றுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சந்தேகம். எலிங்ககிட்ட சோதிச்சுப் பார்த்திருக்காங்க."

செங்கமலம் இதைச் சபையில் சொன்னாள். நரி மந்திரி சிரித்தார். "இருக்கலாம்னுதானே சொன்னார்? இருக்குன்னு சொல்லலையே! அதுவும் எலிக்கு. நம்ம ராணியம்மா என்ன எலியா?"

சபை கைதட்டியது. அடுப்பைத் தணிக்கலாமா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழுவில் அத்தனை பேரும் ஆண்கள். கூட்டத்துக்குக் கூட்டம் கிரில் கறி வேறு. அவள் கட்டி என்ன ஆயிற்று என்று ஒரு ஜீவனும் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

செங்கமலம் குழுவை நம்பி உட்காரவில்லை. தானே போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். "நல்லவேளை, சீக்கிரமே வந்தீங்க" என்றார் டாக்டர்.

வீடு திரும்பியவளை ராஜா பெருமையோடு வரவேற்றார். "உனக்காகக் குழு முடிவு சொல்லிடுச்சு. இனிமே நீ கருகலைத் தொடவே வேண்டாம்!"

"அப்போ யார் தின்கிறது?"

ராஜா மூலையைக் காட்டினார். புது மருமகள் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

செங்கமலம் அந்தத் தட்டைப் பிடுங்கி ராஜாவின் முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்க. வீணாகக் கூடாது பாருங்க."

ராஜா முகர்ந்து பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்தார். "யோவ் மந்திரி, இது ஏதோ பெண் ஹார்மோன் சமாசாரம்னாங்களே... என் பிடரி கொட்டிடுமோ?"

நரி தலையைச் சொறிந்தார். "இருக்கலாம் மகாராஜா."

"இருக்கலாமா! அதுக்கு மேல என்னய்யா ஆதாரம் வேணும்? அடுப்பைத் தணிங்கடா!"

நீதி: ஒரு பண்டம் ஆபத்தானதா என்று கண்டுபிடிக்க ஆயிரம் எலிகளைக் கொல்ல வேண்டாம். ராஜாவின் தட்டில் ஒருமுறை வைத்தால் போதும்.