ஐம்பது ஆட்டம் ஆடிய தகப்பன்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் யார், சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் இருவரையும்விட மனித குலத்துக்குப் பெரிய உபகாரம் செய்தவர்கள் ஆஸ்திரேலியாக்காரர்கள் என்று எந்த மேடையிலும் ஏறிச் சொல்லத் தயாராக இருக்கிறேன். 'தகப்பன்–மகன் விதி' என்ற உன்னதத்தை உலகுக்கு வழங்கியவர்கள் அவர்கள்தான்.

எனக்கு அதை உபதேசித்தவர் டக்ளஸ். மெல்பர்ன்காரர். ஷார்ஜாவில் நான் டைப்பிஸ்டாக இருந்த கட்டுமானக் கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். தொண்ணூற்றாறாம் வருஷம், கேன்டீனில் சுலைமானி என்கிற பால் இல்லாத டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். அவர்கள் ஊரில் முட்டை மாதிரி ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஆடுகிறார்களாம். பெயர் கால்பந்து, கையாலும் ஆடலாம். புது ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் இஷ்டத்துக்கு அள்ள முடியாது, வரிசையில் நின்றுதான் பொறுக்க வேண்டும். ஒரே ஒரு சலுகை. தகப்பன் ஒரு கிளப்புக்காக ஐம்பது ஆட்டம் ஆடியிருந்தால், அவன் மகனை அந்தக் கிளப் மற்றவர்களுக்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எனக்குப் புல்லரித்தது. ஏனென்றால் அப்போது எங்கள் 'ரோலா கடலோர நண்பர்கள் கால்பந்துக் கழகம்' ஒரு தார்மிக நெருக்கடியில் இருந்தது. அடியேன் அதன் செயலாளர்.

தலைவர் கௌஸ் முகைதீன். காயல்பட்டினத்துக்காரர், ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்தார். ஜெர்சி, பூட்ஸ், பந்து, ஆட்டம் முடிந்ததும் பரோட்டா எல்லாம் அவர் உபயம். குளிர்காலக் கோப்பைக்கு அணி தேர்வு செய்யும் வேளையில், அவர் மனைவி உம்மு ஹானி சோறு வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"ஊரான் பிள்ளையளுக்கெல்லாம் சட்டை வாங்கிக் குடுக்கறியளே, நம்ம அஹ்சனுக்கு ஒரு சட்டை கிடையாதா?"

அஹ்சன் அவர்களுடைய ஒரே மகன். பதினேழு வயது, கண்ணாடி போட்டவன், ஷார்ஜாவிலேயே வளர்ந்தவன். கம்ப்யூட்டரைப் பிரித்துப் பூட்டத் தெரியும். பந்தோடு அவனுக்கு விரோதம் ஒன்றும் இல்லை, அறிமுகமே இல்லை.

"என் மகனை எடுத்தா நாலு பேரு நாலு விதமா பேசுவான்," என்றார் தலைவர் என்னிடம். "எனக்குக் கொள்கைதான் பெருசு. கொள்கைப்படி எடுக்க வழி இருந்தா சொல்லும்."

சொன்னேன். தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சர்வதேச விதி" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். வாய்க்கு நன்றாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை, கடை மாடியில், டி.வி. பெட்டிகளுக்கு நடுவே சிறப்புப் பொதுக்குழு கூடியது. தகப்பன்–மகன் விதிப்படி அணியில் ஓர் இடம் ஒதுக்கப்படும் என்று நான் தீர்மானத்தை வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பரோட்டா இன்னும் பரிமாறப்படவில்லை.

எழுந்தவர் ஞானசிங் ஒருவர்தான். எங்கள் கோல்கீப்பர். குளச்சல்காரர், தொழில்பேட்டையில் ஏசி மெக்கானிக், நாற்பத்திரண்டு வயதிலும் பூனை மாதிரிப் பாய்வார்.

"நல்ல விதி, பாய். எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றார். "நான் நூறு ஆட்டத்துக்கு மேல ஆடியாச்சு. எனக்க மகன் லிஜோ விசிட்டு விசாவுல வந்திருக்கான். பந்து அவன் காலுல ஒட்டிக்கிட்டு வரும், பாத்துக்கிடுங்க. அந்த இடத்த அவனுக்குக் குடுத்திருங்க."

கூட்டம் கைதட்டிவிட்டது. கைதட்டிய பிறகுதான் தலைவர் முகத்தைப் பார்த்தது.

லிஜோவுக்கு அந்தச் சட்டை வெறும் சட்டையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்காலக் கோப்பையில் நன்றாக ஆடுகிற பையன்களைக் கம்பெனிக்காரர்கள் வேலை கொடுத்து விசா அடித்து வைத்துக்கொள்வது அப்போது வழக்கம். லிஜோவின் விசிட் விசா முடியப்போகிறது. சட்டை இல்லை என்றால் குளச்சலுக்கு டிக்கெட்.

பொருளாளர் கலீலுர் ரஹ்மான் தொண்டையைச் செருமினார். "தலைவர் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கார்னு நாம பாக்கல்லியே."

"பாய் எங்க ஆடினாரு?" என்றார் ஞானசிங்.

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால நடுவுல நின்னு பந்தை உதைச்சுத் தொடங்கி வைக்கிறது யாரு? முதல் உதை அவர் உதைதானே? நீரு கோலுல நிக்கீரு. சில ஆட்டத்துல பந்து உம்ம பக்கமே வராது. தலைவர் பந்தைத் தொடாத ஆட்டம் ஒண்ணு சொல்லும் பாப்போம்."

இந்த வாதத்தின் ஆழத்தில் சபை சற்று நேரம் மூழ்கிக் கிடந்தது. தலைவர் அடக்கமாகத் தரையைப் பார்த்தார்.

"சரி, பாய் ஆடினாருன்னே வெச்சுக்கிடுவோம்," என்றார் ஞானசிங். "ரெண்டு தகப்பன், ரெண்டு மகன். ரெண்டு பேரையும் கிரவுண்டுல விட்டுப் பாத்து ஒருத்தன எடுங்க."

"அதெப்படி? ஆட வெச்சுப் பாத்து எடுக்கிறதுக்கு விதி எதுக்கு?" என்று நான் கேட்டேன். இன்றுவரை அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இருந்தாலும் சட்டச் சிக்கல் தீர வேண்டும். அதனால் 'தகப்பன்' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்தோம். தகப்பன் என்பவர், மகனோடு ஒரே முகவரியில் குடியிருப்பவர். தலைவரும் அஹ்சனும் ரோலாவில் ஒரே பிளாட். ஞானசிங் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில். அங்கே வெளியாளைத் தங்க விடமாட்டார்கள், எனவே லிஜோ ஒரு சொந்தக்காரப் பையனின் ரூமில் தரையில் படுத்திருந்தான். அதற்கு முன் பதினெட்டு வருஷமாக மகன் குளச்சலிலும் தகப்பன் கேம்ப்பிலுமாக இருந்ததும் விசாரணையில் தெரிய வந்தது. அப்பட்டமான விதிமீறல்.

ஞானசிங் தலைவர் பக்கம் திரும்பி, "அவனுக்காகத்தான பாய் நான் அவன்கூட இல்லாம இருந்தேன்?" என்றார்.

'உறுப்பினர் உணர்ச்சிவசப்பட்டார்' என்று குறித்துக்கொண்டேன். பரோட்டா வந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சனிக்கிழமை டக்ளஸிடம் பெருமையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பையன் நன்றாக ஆடுவானா?" என்றார்.

"அதை விதியில் நீங்கள் சொல்லவே இல்லையே, சார்!"

"சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை," என்றார். வெள்ளைக்காரர்களுக்கு எதையும் முழுதாக எழுதி வைக்கும் பழக்கம் கிடையாது.

லிஜோ என்ன ஆனான்? துபாய் தேராவில் கார்கோ கம்பெனி நடத்தும் மக்தூம் என்பவர், தன் அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர், மைதானத்தின் ஓரத்தில் அவன் தனியாகப் பந்து தட்டுவதைப் பார்த்தார். இரண்டே கேள்வி கேட்டார். "இடது காலா, வலது காலா?" "பாஸ்போர்ட் கையில இருக்கா?" வேலையும் விசாவும் கொடுத்துவிட்டார். தகப்பன் யார் என்றுகூட விசாரிக்கவில்லை. அவ்வளவு பின்தங்கிய கழகம் அது.

முதல் சுற்றிலேயே எங்களுக்கும் அவர்களுக்கும் ஆட்டம் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை, தொழில்பேட்டைக்குப் பின்னால் மணல் மைதானம். தலைவர் வழக்கம்போல முதல் உதை உதைத்து தன் ஆட்டக் கணக்கை இன்னும் ஒன்று உயர்த்தினார். உம்மு ஹானி காருக்குள் இருந்தபடி கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அஹ்சன் முன்வரிசையில் நின்றான். பந்து வந்தபோதெல்லாம் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். ஒரு தடவை அதனிடம் "சாரி" என்றே சொன்னான். பத்துப் பேரோடு ஆடுவது எப்படி என்று எங்கள் அணி அன்று நன்றாகக் கற்றுக்கொண்டது.

லிஜோ அந்தப் பக்கம் பறந்தான். அவன் அடித்ததையெல்லாம் ஞானசிங் பிடித்தார். பிடித்துவிட்டு, "நல்ல அடி மக்கா, கொஞ்சம் தாழ அடி!" என்று எதிரணிக்கு யோசனை வேறு சொன்னார்.

கோலே விழாமல் முடியப்போகிற நேரம். ஒரு கார்னர். எல்லோரும் பின்னால் வாருங்கள் என்று கத்தியதில் அஹ்சனும் ஓடிவந்து எங்கள் கோலுக்கு முன்னால் நின்றான். பந்து அவன் முகத்தை நோக்கி வந்தது. கண்ணாடியைக் காப்பாற்ற இரண்டு கைகளையும் தூக்கினான். சுத்தமாகப் பிடித்தேவிட்டான். அன்று அவன் பிடித்த ஒரே பந்து.

ஆஸ்திரேலியாவில் இதற்குக் கைதட்டியிருப்பார்கள். ஷார்ஜா ரெஃப்ரி பெனால்டி கொடுத்தார்.

அடிக்க வந்தவன் லிஜோ. கோலில் ஞானசிங்.

"எந்தப் பக்கம் மக்கா?" என்றார் தகப்பன்.

"சொல்லமாட்டேன்ப்பா."

"சொல்லிராத."

அடித்தான். ஞானசிங் சரியான பக்கம்தான் பாய்ந்தார். விரல் நுனியில் பட்டு, கம்பத்தின் உள்பக்கம் இடித்து, பந்து வலைக்குள் போனது. அவர் வாயெல்லாம் மணலோடு எழுந்து வந்து, கொண்டாடக்கூடத் தெரியாமல் நின்ற மகனை எல்லோருக்கும் முன்னால் கட்டிப் பிடித்துக்கொண்டார். எங்கள் சட்டையும் அவர்கள் சட்டையும் அப்படி ஒட்டிக்கொண்டு நின்றதைக் கழகம் எப்படிச் சகிக்கும்?

அன்று மாலையே விசாரணை.

"பெத்த பிள்ளைன்னு பந்தை விட்டுட்டீரா?" என்று கேட்டார் தலைவர்.

"விடல்ல பாய். விரலு வீங்கிருக்கு, பாருங்க. அடிச்சான்."

"கட்டிப் பிடிச்சீரே?"

"பின்ன? பதினெட்டு வருசத்துல அவன் ஒரு மேட்ச் ஆடி நான் பாத்ததே இல்ல."

அஹ்சன் மூலையில் இருந்து எழுந்தான். "வாப்பா, பால் என் கையிலதான் பட்டுச்சு. இட்ஸ் மை ஃபால்ட். அவர ஏன் திட்டுறீங்க?"

"நீ இரி. நீ விதிப்படி ஆடினவன்," என்றார் தலைவர்.

"எனக்கு ஆடவே வேணாம் வாப்பா. நான் உம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

கழக வரலாற்றில் ஒருவர் உண்மையைத் தெளிவாகப் பேசியது அப்போதுதான். நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கவில்லை. ஞானசிங் மட்டும் அவன் தோளில் தட்டி, "நீ நல்ல பிள்ளடே," என்று சொல்லிவிட்டு, கையுறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மைதானத்தில் ஓர் அநியாயம் கண்டோம். மக்தூமின் கோலில் ஞானசிங் நின்றுகொண்டிருந்தார்! விசாரித்தால் மக்தூம் சிரிக்கிறார். "மகன் இவ்வளவு நல்லா ஆடுறானே, யாருகிட்டடா படிச்சேன்னு கேட்டேன். அப்பா லீவுல வரும்போது சொல்லிக் குடுத்ததுன்னான். அப்போ அப்பனையும் கூட்டிட்டு வான்னேன்."

மகனுக்காகத் தகப்பனை எடுப்பதா! அஹ்சன் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று அவர்களுக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தது எங்கள் வேதனையை அதிகப்படுத்தியது.

கழகம் அன்றே அவசரமாகக் கூடியது. குடும்ப உறவைக் காட்டி அணியில் ஆள் சேர்க்கும் மக்தூமின் ஈனச் செயலைக் கண்டித்தும், இப்படிப்பட்ட உறவுமுறை அரசியல் விளையாட்டையே அழித்துவிடும் என்று எச்சரித்தும், போட்டி அமைப்பாளர்களுக்குக் காரசாரமாக ஒரு தீர்மானம் அனுப்பினோம். முன்மொழிந்தவர், தலைவர் கௌஸ் முகைதீன். வழிமொழிந்தவர், தலைவரின் மச்சினர் பொருளாளர் கலீலுர் ரஹ்மான். உணர்ச்சி பொங்க டைப் அடித்தவர், தலைவரின் சகலை அடியேன்.