சிலுவைப் பக்கம் சிவப்பு

எனக்கு மின்சாரம் தெரியாது. இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு ஐம்பது வயது ஆகவேண்டியிருந்தது. என் மனைவிக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். போன வாரம் பையன் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தான். கூடவே, கரண்டு போனால் அதைக் காப்பாற்ற யு.பி.எஸ். என்று செங்கல் கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. "நான் மாட்டித் தரட்டுமா?" என்று ஒரே ஒரு அடிதான் எடுத்து வைத்தேன். மனைவி, மகன், மகள் மூன்று பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நாலு வயது. தங்கவயலில், மைசூர் மைன்ஸ் சுரங்கத்தின் டைம் ஆபீசில் குமாஸ்தா. யார் எந்த ஷிப்டுக்கு இறங்கினார்கள் என்று எழுதுவேனே தவிர, நான் ஒரு நாளும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போனதில்லை (பயம்தான், வேறென்ன). பக்கத்துக் கோரமண்டல் குடியிருப்பில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். அவளுடைய அப்பா ஞானமுத்து, சுரங்கத்தில் வெடி வைக்கும் பிளாஸ்டர். பெண் கேட்டுப் போனபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டைம் ஆபீசா? பேனா புடிக்கிறத வுட்டா கைவேல இன்னா தெரியும்?"

"எலக்ட்ரிக்கல் அத்துப்படிங்க" என்றேன். (எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் அம்மாதான் போடுவார்.)

"அப்பிடியா? வர்ற ஞாயித்துக்கெழம சர்ச் வாசல்ல நடக்கற அறுப்புப் பண்டிகைக்கு மைக் செட்ட நீ பாத்துக்க. ஒழுங்கா நடந்தா மேல பேசலாம்."

ஆக, என் கல்யாணம் ஒரு ஆம்ப்ளிஃபையரில் தொங்கியது.

சாயங்காலமானால் கரண்டு சொல்லாமல் போகும் காலம் அது. அதனால் ஞாயிறு காலை மைக் செட்காரர் கோவிந்தசாமி, ஆம்ப்ளிஃபையரோடு ஒரு லாரி பேட்டரியையும் கொண்டுவந்து இறக்கினார். பங்காருபேட்டையில் ஒரு கல்யாணத்துக்கும் செட் போட வேண்டும், அவருக்கு அவசரம். "கரண்டு போச்சுன்னா இந்த ரெண்டு ஒயரையும் பேட்டரில மாட்டு தம்பி. சிலுவ பக்கம் சிவப்பு. உனக்குச் சொல்லணுமா! மாத்திக் குடுத்தா செட்டே காலி" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார்.

பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது. சிலுவை எங்கே என்று நிமிர்ந்து பார்த்தேன். சர்ச் கோபுரத்தின் உச்சியில் பளபளவென்று நின்றது. ஆகா, கோவிந்தசாமி அண்ணனுக்குத்தான் என்ன பக்தி என்று உருகிப்போய், கோபுரத்தைப் பார்த்த முனையில் சிவப்பு ஒயரை மாட்டினேன். "அலோ, அலோ" என்றேன். கணீரென்று கேட்டது. ஞானமுத்து தலையாட்டினார். ஸ்டெல்லாவும் பார்த்தாள். ஒயரைக் கழற்றி வைத்தேன்.

அத்தோடு செத்திருந்தால் நான் மேதையாகச் செத்திருப்பேன்.

மத்தியானம் ஞானமுத்து, "பொம்பளைங்க வர்ற வழில இன்னாப்பா பேட்டரி? அந்தாண்ட தூக்கி வை" என்றார். மேடையின் மறுபக்கம் தூக்கி வைத்தோம். வைத்ததில் பேட்டரி முன்பின்னாகத் திரும்பிவிட்டது. எனக்குப் பேட்டரியா முக்கியம்? கோபுரம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

சாயங்காலம் போதகர் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போனது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இருக்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, கோபுரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கத்து முனையில் சிவப்பை மாட்டினேன்.

டப்!

ஆம்ப்ளிஃபையரின் முதுகிலிருந்து புகை. தீ என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது. "ஃபயர்! ஃபயர்!"

தங்கவயலில் கத்தக் கூடாத வார்த்தை அது. சுரங்கத்தில் வெடி வெடிக்குமுன் பிளாஸ்டர் போடும் கூச்சல். கண்மூடித் திறப்பதற்குள் மூன்று ஷிப்டு ஆண்களும் காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார்கள். ஞானமுத்து போதகரை மேசைக்கு அடியில் தள்ளி, அவர் மேலேயே படுத்தார். நானா? அறுவடைக் காணிக்கையாக வந்த பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் இருந்தேன்.

ஸ்டெல்லா மட்டும்தான் நேரே வந்து ஒயரைப் பிடுங்கினாள்.

"இன்னாங்க பண்ணீங்க?"

"சிலுவைப் பக்கம் சிவப்புன்னு கோவிந்தசாமி அண்ணன்..." என்று கோபுரத்தைக் காட்டினேன்.

அவள் பாட்டுத் தாளைச் சுருட்டிப் பேட்டரி முனையைத் தேய்த்தாள். பொடிக்கு அடியில் சின்னதாக ஒரு கூட்டல் குறி. "அவர் சொன்ன சிலுவ இதுங்க!" சிரிக்க ஆரம்பித்தவள், நிற்க முடியாமல் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மண்ணைத் தட்டிக்கொண்டு ஞானமுத்து வந்தார். கல்யாணமும் புகைந்துவிட்டது என்று நினைத்தேன்.

"கரண்டு வேல உனக்குத் தெரியாது."

"தெரியாதுங்க."

"பொய் சொல்லிக்கினு வந்துருக்க."

"ஆமாங்க."

சிரித்துக்கொண்டிருந்த மகளை ஒரு பார்வை பார்த்தார். "வெடி வெச்சுட்டு கத்தாம ஓடறவனத்தான் நம்பக் கூடாது. நீ கத்திட்டுத்தான் ஓடுன. வூட்டுக்கு வந்து பேசு. ஆனா ஒண்ணு, என் பொண்ணு இருக்கற வூட்ல நீ ஒரு பல்பு கூட மாட்டக் கூடாது."

"ஞானமுத்து, நான் வெளிய வரலாமா?" என்று மேசைக்கு அடியிலிருந்து போதகரின் குரல் கேட்டது.

பல்பு விஷயத்தில் மாமனார் போட்ட அந்தக் கட்டளையை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். டார்ச் லைட்டுக்குச் செல் போடக்கூட எனக்கு அனுமதி கிடையாது. போன வாரம் பையன் மேசைக்கு அடியில் படுத்து யு.பி.எஸ்.ஸுக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா சொன்னாள்: "ஜன்னலத் தெறந்து வைடா, கோபுரம் தெரியட்டும். உங்கப்பா பாத்துச் சொல்லுவாரு."

பையன் சுவிட்சைப் போட்டான். பெட்டி "பீப்" என்றது.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சோபாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபோது அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.