இரண்டு தடவை வகுத்த தண்ணீர்

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே நான், மகன், மருமகள் எல்லோரும் சுகம். உன் அண்ணன் எங்கள் எல்லோரையும்விடச் சுகம். அங்கே உன் முழங்கால் வலியும் உன் வீட்டுக்காரரின் முன்கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் "எங்கண்ணனைத் தண்ணி குடுக்காமக் கொல்லப் பாக்கறீங்களா? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று கத்திவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கடிதமென்றால் நான் முடிக்கிற வரை நீ குறுக்கே பேச முடியாது. நீ வர வேண்டாம், ஆபத்தெல்லாம் தீர்ந்துவிட்டது. என் கல்யாணப் போட்டோவில் எனக்கு முன்னால் வந்து நின்று என் முகத்தை மறைத்தவள் நீ என்பதை இந்த நேரத்தில் நான் சொல்லிக்காட்டப் போவதில்லை. அப்போது உனக்குப் பதினொரு வயது, விவரம் தெரிந்த வயதுதான், போகட்டும்.

நடந்தது என்னவென்றால், உன் அண்ணன் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தாரில்லையா, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னையும் மகனையும் உட்காரவைத்து, "இதயம் பலவீனமா இருக்கு. தண்ணி, காபி, சூப்பு எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஆயிரத்தி ஐந்நூறு மில்லி. அதுக்கு மேல போச்சுன்னா திரும்ப இங்கதான்" என்றாள். வீட்டில் அளவு ஜாடி ஒன்றுதான், மிக்சி வாங்கியபோது இலவசமாக வந்தது. அதில் மில்லிக்குக் கோடே கிடையாது, எல்லாம் சென்டிலிட்டர். பத்து மில்லி சேர்ந்தால் ஒரு சென்டிலிட்டராம். மகன் மனக்கணக்காகப் பத்தால் வகுத்து, செருப்பை மாட்டிக்கொண்டே மருமகளிடம், "அப்பாவுக்கு ஒரு நாளைக்கு நூத்தம்பது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். நூற்றைம்பது என்ன என்று சொன்னானா? உங்கள் வீட்டு ஆண்களுக்கு முழு வாக்கியம் பேசினால் வாய் தேய்ந்துவிடும். மருமகளும் படித்தவள். புருஷன் மில்லியில் சொல்கிறான் என்று நினைத்து அவளும் ஒரு தடவை பத்தால் வகுத்தாள். பதினைந்து வந்தது.

ஜாடியில் பதினைந்தாவது கோடு எங்கே இருக்கிறது தெரியுமா? அடியை நனைத்தால் அந்தக் கோடு. நான் கேட்காமல் இல்லை. "டாக்டரம்மா ஆயிரத்தி ஐந்நூறுன்னாளே, நீ பதினஞ்சுங்கறியே?" என்றேன். "அது மில்லி அத்தை, இது சென்டி. பேரு மாறினா நம்பரும் மாறும்" என்றாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், நம்பிவிட்டேன். நான் படிக்காதது உன் அண்ணன் செய்த புண்ணியம் என்று இப்போது தோன்றுகிறது. படித்திருந்தால் நானும் என் பங்குக்கு ஒரு தடவை வகுத்திருப்பேன், அந்த மனுஷருக்கு ஒரு நாளைக்கு மூன்று டீஸ்பூன் கிடைத்திருக்கும்.

அப்புறம் காவல் வேலை என் தலையில். "தொண்டை ஒட்டுதுடி" என்பார். "ஒட்டட்டும், இதயம் நிக்காம இருந்தாப் போதும்" என்பேன். எனக்கு மட்டும் ஆசையா? அவர் மறுபடி மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் மீசை மட்டும் எப்போது பார்த்தாலும் ஈரம். வாய் கொப்பளிக்கிறேன் என்று குளியலறைக்குப் போவார், போவார், போய்க்கொண்டே இருப்பார். கதவில் காதை வைத்துக் கேட்டேன். குழாய் திறக்கிற சத்தம் கேட்கிறது, துப்புகிற சத்தம் கேட்கவே இல்லை! பூச்சாடியில் தண்ணீர் குறைகிறது, ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டு காலி. எனக்கே தண்ணி காட்டுகிறாரா என்று வந்த ஆத்திரத்தில், செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவிடம் புகார் சொல்வதற்கென்றே அவரை இழுத்துக்கொண்டு போனேன், மருமகளும் கூட வந்தாள்.

நான் ஆரம்பிப்பதற்குள் அவள், "எவ்வளவு குடுக்கறீங்க?" என்றாள். "பதினஞ்சு சென்டிலிட்டர் டாக்டர், சொட்டு கூடலை" என்றாள் மருமகள் பெருமையாக. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "ஏம்மா, அது நூத்தம்பது மில்லி, ஒரு டம்ளர்கூட இல்ல. வீட்ல இருக்கறது மனுஷனா, தொட்டிச் செடியா?"

ரத்தம் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் மருமகள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், நான் உன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிறுநீரகத்துக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? கடைசியில் டாக்டரம்மா கூப்பிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. எப்படின்னுதான் புரியல" என்றாள். அப்போதுதான் குளியலறைச் சங்கதியைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "திருடினதுதான் அய்யாவைக் காப்பாத்தியிருக்கு. எவ்வளவு குடிச்சிருப்பீங்க?" உன் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு, "கணக்கு பாத்துத் திருட முடியுமா டாக்டர்?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷர் என் பேச்சை மீறியதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இப்போது ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று, அரை லிட்டர் பாட்டில் ஒன்று. காலையில் நிரப்பி வைத்துவிடுகிறோம். காபி குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுகிறோம். இந்த வீட்டில் இனி யாரும் எதையும் வகுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நேற்றிரவு அவர் குறட்டை விட்டார். அதைக் கேட்டுக்கொண்டே நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகவே நீ பெட்டியைக் கட்ட வேண்டாம். உன் பிள்ளைகள் நீடூழி வாழட்டும், உன் முழங்கால் மடங்கி நிமிரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி.

பி.கு.: இன்று என் ரத்தத்தையும் பார்த்தார்கள். நான் தண்ணீரே குடிப்பதில்லையாம், ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் உள்ளே போக வேண்டுமாம். உன் அண்ணன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் எழுநூறு மில்லி பாக்கி, வாயைத் திற" என்கிறார். குளியலறைக்குப் போனால் கதவில் காதை வைக்கிறார். உடனே புறப்பட்டு வா. அவரைக் கூட்டிக்கொண்டு போ.