ஞாயிற்றுக்கிழமை சாகும் பெட்டரி

இந்தப் பெட்டரியை மாற்றுவதில்லை. உயிரே போனாலும் மாற்றுவதில்லை. போவது பெட்டரியின் உயிராக இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு திங்கட்கிழமை காலையில், காரின் பொனட்டில் கைவைத்து இப்படி ஒரு தீர்மானம் எடுத்தேன். ஊரெல்லாம் நல்ல பெட்டரியைத் தேடும். நானோ ஒரு செத்த பெட்டரியைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது. காரணத்தின் பெயர் திருச்செல்வம்.

திருச்செல்வம் என் சகலை. என் மனைவி நிஷாந்தியின் அக்காவைக் கட்டியவர். மடுல்கெல்லயில் இருக்கிறார். ஞாயிறு வந்தால் நிஷாந்திக்கு அங்கே போயாக வேண்டும். போன வருடம் அவருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். அதுவரை நல்ல மனிதர். எடுத்த கல்லை டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து, நாம் பகல் சாப்பாடு முடிந்து வாழைப்பழம் உரிக்கும் நேரம் பார்த்து, அந்தப் போத்தல் அலுமாரியிலிருந்து மேசைக்கு வரும். "குலுக்கிப் பாருங்க தம்பி" என்பார். குலுக்க வேண்டும். பிறகு ஒப்பரேஷன் கதை தொடங்கும். மயக்க ஊசி போட்டதிலிருந்து தையல் பிரித்தது வரை ஒன்றும் விடமாட்டார். மயங்கிக் கிடந்தவருக்கு நடுவில் நடந்ததெல்லாம் எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

நான் கண்டி மாநகர சபையில் வாரம் முழுக்க ஊராரின் முறைப்பாடுகளைக் கேட்கிறவன். எனக்கென்று இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரத்தைக் கட்டிக்கொண்டு, டீவிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, பார்த்துக்கொண்டே தூங்கிவிட வேண்டும். அதைப் போய் ஒரு கல்லுக்குத் தாரைவார்ப்பதா?

அதனால் ஒரு திட்டம் போட்டேன். சனிக்கிழமை பொழுது சாயும்போது காரின் டிக்கியை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைப்பேன். உள்ளே சின்ன பல்பு ஒன்று எரியும். வெளியே தெரியாது. பழைய பெட்டரியைக் கொல்ல அதுவே போதும். ஞாயிறு காலை சாவியைத் திருப்பினால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். என் காதுக்கு அது கோயில் மணி.

எங்கள் கட்டுகஸ்தோட்டை ஏற்றத்தில் எந்தக் காரையும் பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணிவிடலாம். என்னுடையது ஓட்டோ கியர். உருட்டினால் உருளும், ஸ்டார்ட் ஆகாது. வயர் போட்டு உயிர் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் கீழ் வீட்டு ஹபீல் நானா. பாலத்துப் பக்கம் பெட்டரிக் கடை வைத்திருக்கிறார். அவரோ ஞாயிறு விடிந்ததும் குடும்பத்தை வேனில் ஏற்றிக்கொண்டு அக்குறணை மாமியார் வீட்டுக்குப் போய்விடுவார். பஸ் என்றால் எனக்கு முதுகு வலி. எந்தப் பக்கமும் ஓட்டை இல்லாத திட்டம்.

அந்தத் திங்கட்கிழமையும் ஹபீல் நானா வந்து வயர் போட்டுக் காரை எழுப்பினார். நிஷாந்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சனிக்கிழமை வரைக்கும் நல்லா ஓடுற கார், ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் சாகுது?"

"அதுக்கும் லீவு வேணாமா?"

"திங்கக்கிழமை உயிர் வந்துருதே?"

"எனக்கும் அப்படித்தானே."

"ஒங்களுக்குத் திங்கக்கிழமையும் வர்றதில்ல. புதுப் பெட்டரி வாங்குங்க. நானா கடையில விலை கூடினது ஒண்ணு வந்திருக்காம்."

"விலை கூடினதா? எல்லாம் ஏமாத்து! உள்ள இருக்கிறது அதே ஈயம், அதே அசிட். ஸ்டிக்கருக்குத்தான் காசு. எதுக்கும் நான் விசாரிச்சுப் பார்க்கிறேன்."

"விசாரிங்க, விசாரிங்க," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டிக்கியைப் பார்த்துச் சொன்னாள். 

வேலை முடிந்து நேரே கடைக்குப் போனேன்.

"நானா, உண்மையைச் சொல்லுங்க. அந்த விலை கூடினதுல அப்படி என்ன இருக்கு?"

"தண்ணி ஊத்தத் தேவல்ல. வாரண்டி ரெண்டு மடங்கு ஈக்கி. லேசில சார்ஜ் எறங்காது."

"என் காருக்கு அது தேவையா?"

"ஜனா தம்பி, கோவிக்க வேணாம். ஒங்கட கார் விக்கிற வெலையும் இந்தப் பெட்டரிட வெலையும் கிட்டத்தட்ட ஒண்டுதான். பெட்டரிய விக்க, காரை இனாமாக் குடுக்கலாம்."

கோபம் வந்தது. ஆனால் உபயோகமான பேச்சு. "இதை அப்படியே நிஷாந்திக்கிட்ட சொல்லுவீங்களா?"

"கேட்டாச் செல்றேன். ஆனா நல்ல சாமான். இப்ப, டிக்கி லைட் விடிய விடிய எரிஞ்சாலும் காலைல ஒரே அடியில ஸ்டார்ட்."

ஒரு காரில் எத்தனை லைட் இருக்கிறது? முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, உள்ளே ஒன்று. அத்தனையும் இருக்க, இவர் ஏன் டிக்கி லைட்டைச் சொன்னார்? முகத்தைப் பார்த்தேன். அவர் துணியால் ஒரு பெட்டரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பிரசங்கத்தை ஆரம்பித்தேன். ஈயம், அசிட், ஸ்டிக்கர் எல்லாம் சொன்னேன். சண்டைக்குத் தயாராக மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

"சரிங்க," என்றாள் நிஷாந்தி.

"என்ன சரி?"

"வாங்க வேணாம். பழசே இருக்கட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து நிஷாந்தி 'சரிங்க' என்று சொன்ன சந்தர்ப்பங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அப்போதும் விரல் மிஞ்சும். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

சந்தேகம் நாளுக்கு நாள் வளர்ந்தது. கேட்காமலே ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. கேட்காமலே இரண்டாவது தேத்தண்ணி வந்தது. சமையலறையில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்தால் மெத்தைகளெல்லாம் வெயிலில் காய்கின்றன. கொடியில் தலையணை உறைகள். அத்தனை தலைகள் எங்கள் வீட்டில் இல்லை. உள்ளே போனேன். டீவி அறை வெறுமையாகக் கிடந்தது. என் கதிரை கோழிக்கூட்டுப் பக்கம் நின்றது.

"என் கதிரையை ஏன் வெளிய போட்ட?"

"பாய் விரிக்க எடம் வேணுமே."

"யாருக்கு?"

"பெரஹரா வருதுல்ல?"

கண்டியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பெரஹரா என்ற யானை ஊர்வலக் காலத்தில் நம் வீடு நமக்குச் சொந்தமில்லை. யானை பார்க்க வரும் அத்தனை உறவுக்கும் சொந்தம். ஆனால் மடுல்கெல்லக்காரர்கள் வழக்கமாக ஒரு நாள்தான் வருவார்கள். பார்த்து முடிந்ததும் நானே காரில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். அதைச் சொன்னேன்.

"எதுல விடுவீங்க? ஒங்க காருலயா? பன்விலை ரோட்டுல அது செத்தா யானையா வந்து தள்ளும்?"

"பஸ்?"

"பெரஹரா முடியிற நேரத்துக்கு மடுல்கெல்லைக்கு ஏதுங்க பஸ்? அதான் அக்காகிட்ட சொல்லிட்டேன். மொத நாள் கும்பல் பெரஹராவுல இருந்து கடைசி நாள் ரந்தோலி பெரஹரா வரைக்கும் இங்கயே தங்கட்டும்னு."

"அத்தனை நாளுமா?"

"அத்தான் சந்தோஷமா சரின்னுட்டாரு. போத்தலையும் கொண்டாறாராம்."

கதிரையைத் தேடினேன், உட்காரலாம் என்று. அது கோழிக்கூட்டுப் பக்கம் நின்றது. நின்றபடியே யோசித்தேன். காலையில் கல். பகலில் கல். படுக்கப் போகும்போது கல். காய்கிற தலையணைகளைப் பார்த்தேன். உலகத்தில் அவ்வளவு மலிவான பொருள் எதுவுமில்லை என்பதுபோல அந்த விலை கூடின பெட்டரி என் கண் முன்னால் வந்தது.

செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் கடைக்கு ஓடினேன்.

"நானா, அந்தப் பெட்டரி!"

பெட்டரி மேசைமேல் தயாராக இருந்தது. தூசி தட்டி, சார்ஜ் ஏற்றி, தூக்கிப்போக வசதியாகக் கைப்பிடியும் நிமிர்த்தி வைத்திருந்தார்.

"யாருக்கு எடுத்து வெச்சீங்க?"

"வாங்குற ஆளுக்கு."

"யார் வாங்குவாங்கன்னு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே வாங்குறீங்க?"

கேள்வி கேட்க நேரமில்லை. ஹபீல் நானாவே மேலே வந்து பூட்டிக் கொடுத்தார். பழைய பெட்டரியை அவர் தூக்கிக்கொண்டு இறங்கியபோது என் கண் கலங்கியது. எனக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை உயிரை விட்டிருக்கிறது!

"இனி ஒருத்தரும் தங்கத் தேவையில்ல," என்றேன் நிஷாந்தியிடம். "எந்த நாள் வந்தாலும் அன்னைக்கே கொண்டுபோய் விடுறேன்."

"நல்லதுங்க. ஆனா அத போன்ல சொன்னா, தங்க வேணாம்னு வெரட்டுற மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை நேர்ல போய் சொல்லிட்டு வருவோம்."

நியாயமாகப் பட்டது. பல நாள் கல்லிலிருந்து தப்ப ஒரு நாள் கல்லைக் குலுக்கினால் என்ன? ஞாயிறு காலை சாவியைத் திருப்பினேன். கார் புலிபோல உறுமியது. நிஷாந்தி கேக் பெட்டியோடு ஏறினாள். அதை எப்போது வாங்கி வைத்தாள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வத்தேகமை வந்துவிட்டது.

மடுல்கெல்லயில் நல்ல சாப்பாடு. நான் தொண்டையைச் செருமினேன்.

"அண்ணே, பெரஹராவுக்குக் கட்டாயம் வாங்க. ஆனா கஷ்டப்பட்டுத் தங்க வேணாம். நானே திரும்பக் கொண்டாந்து விடுறேன்."

திருச்செல்வம் சாப்பிடுவதை நிறுத்தினார். "பெரஹராவா? எனக்கா? ஒப்பரேஷனுக்குப் பெறகு சன நெரிசல்ல நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே தம்பி! இந்த வருஷம் நாங்க டீவியிலதான். யாரு சொன்னா வர்றோம்னு?"

நான் நிஷாந்தியைப் பார்த்தேன். அவள் மிகுந்த கவனத்தோடு ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினாள்.

எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனாலும் தோற்றதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எழுந்து நின்றேன்.

"மழை இருட்டுது. புதுப் பெட்டரி வேற, நம்ப முடியாது. ஸ்டார்ட் ஆகுமோ என்னமோ. நேரத்தோட கெளம்புவோம்."

நிஷாந்தி கைப்பையைத் திறந்தாள். எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சின்ன பல்பு.

"பயப்படாதீங்க. டிக்கி பல்பை நேத்தே கழட்டிட்டேன். இனி எந்த ஞாயித்துக்கிழமையும் சாகாது."

"அப்ப அவசரமே இல்லையே!" என்று எழுந்த திருச்செல்வம், அலுமாரியைத் திறந்தார்.

விலை கூடின பெட்டரி கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று இப்போதெல்லாம் ஒஃபீசில் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். என்னுடையது இன்றுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஏமாற்றியதில்லை.