தலை ஆடிக்குத் தழை விருந்து

வேப்பந்தட்டை
18-7-83

மதிப்பிற்குரிய சம்பந்தி அங்கமுத்து அவர்களின் சமூகத்திற்குத் தங்கசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மனைவி வீராயியும், தலை ஆடிக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை தர்மனும், மகள் மலர்க்கொடியும் மாரியம்மன் தயவால் சுகம். மீன்சுருட்டியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாடு கன்றுகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. மாப்பிள்ளைக்கு நாங்கள் ஆட்டுத்தழை போட்டதாக யாராவது தங்கள் காதில் ஓதுமுன் நடந்ததை நானே தெரிவித்துவிடுகிறேன். கல்யாணப் பந்தலில் சம்பந்தியம்மா வீராயியிடம், "மஸ்கட்டுல தம்பிக்குத் தினமும் பச்சை இலையும் பழமும் சீஸுந்தான் சாப்பாடு" என்று சொன்னார்கள் அல்லவா? தலை ஆடிக்கு அதையேதான் போடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். லப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் பாய் கடையில் சீஸ் டப்பா கிடைத்தது. "இதோட லெட்டூஸ் இலைய நறுக்கிப் போட்டா சாலட்டுங்க" என்றார் பாய். அந்த இலைக்காகத் திருச்சி மார்க்கெட்டுக்கே போனேன். அங்க ஒருத்தனுக்கும் தெரியல. லெட்டூஸ் இருக்கான்னு கேட்டா, "லெட்டரா? போஸ்டாபீஸ் அந்தாண்ட இருக்குங்க பெரியவரே"ங்கறான். நான் விடுவனா? முட்டைக்கோஸும் இலைதானேன்னு அதையும் வெள்ளரிப்பிஞ்சையும் வாங்கிக்கிட்டு, நம்மூர்ல வந்து எறங்கி பச்சைமலைப் பலாவும் கொய்யாவும் சேத்துத் தூக்கிட்டு வூடு வந்தா, வீராயி அடுப்பப் பத்த வெச்சுக்கிட்டு நிக்கிறா.

"அடுப்பே வேணாம், எல்லாம் பச்சையாத்தான்"னேன். "ஏங்க, மாப்பிள்ளைக்குப் பச்சையா இலையக் கிள்ளிப் போட்டா ஊரு என்னங்க சொல்லும்? அவர ஆடுன்னு நெனச்சுட்டோம்னு சொல்லாது?"ன்னு அவ ஒரே புடி. நானும் ஒரே புடி. டப்பாவத் தொறக்க வழி தெரியாம அருவா முனையால குத்துனேன், நசுங்குச்சே தவிர தொறக்கல. கடப்பாறையால ஒரு போடு போட்டதுல சீஸ் எகிறிப் போயி மாட்டுத் தொட்டியில விழுந்துடுச்சு. அதக் கழுவிப் பாதியத் துருவிப் போட்டுட்டு, கை கழுவிட்டு வர்றதுக்குள்ள வீராயி எல்லாத்தையும் சட்டியில கொட்டி, கடுகு கருவேப்பிலை தாளிச்சுட்டா! கரண்டியத் தூக்குனா சீஸ் நூல் நூலா கூடவே வருது. நான் அசரல. மறுபடி மொதல்லேர்ந்து நறுக்கி, மீதிச் சீஸைத் துருவி, தலைவாழை இலை நெறையப் போட்டேன். மாப்பிள்ளை குனிஞ்ச தலை நிமிராமச் சாப்பிட்டாரு. "இன்னும் கொஞ்சம் போடவா மாப்ள?"ன்னா கையை இலை மேல வெச்சு மறைச்சாரு. கூச்சப்படுறாருன்னு கைய நவுத்திட்டு இன்னொரு கரண்டி போட்டேன். பக்கத்து வூட்டு ராசாத்தி வேலி வழியா எட்டிப் பாத்துட்டுத் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறா. சிரிக்கட்டும். மாப்பிள்ளை இருக்கற மட்டும் மூணு வேளையும் சாலட்டுதான், இதுல மாத்தமில்ல.

தங்கள் வீட்டுப் பெரியோர் பாதங்களுக்கு எங்கள் வணக்கமும், சிறியோர் தலைக்கு எங்கள் ஆசியும் சேர்வதாக.

இப்படிக்கு,
தங்கசாமி

பி.கு.: ஒட்டுமுன் மலர்க்கொடியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கேட்டுக்கிட்டே மாப்பிள்ளை உள்ளேர்ந்து ஓடி வந்துட்டாரு. "மாமா! எங்கம்மா அதப் பெருமையாச் சொல்லல மாமா, அழுதுக்கிட்டே சொல்லுச்சு. கம்பெனி மெஸ்ஸுல அந்த இலையத் தின்னு நாக்கு செத்துப் போயித்தான் லீவுல வந்தேன்"ங்கறாரு. வீராயி இப்பக் கோழியத் தொரத்திக்கிட்டு இருக்கா. ஆகவே மேலே கண்டதெல்லாம் ரத்து. ஒரே ஒரு விண்ணப்பம்: அந்தச் சாலட்டு எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. மாப்பிள்ளை மஸ்கட் போனதும் வீராயிக்குத் தெரியாம ரெண்டு சீஸ் டப்பா அனுப்பச் சொல்லுங்க.